எள்ளளவு ஆள்

எண்பதுகளில் ராமேஸ்வரத்துக்கு வந்து தீர்த்தமாடியவர்கள் உங்கள் குடும்பத்தில் யாராவது இருந்தால், அவர்களுடைய பழைய ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். பூமிநாதன் எடுத்த படம் ஒன்று அதில் இருக்க நிறைய வாய்ப்புண்டு. முழங்கால் தண்ணீரில் மொத்தக் குடும்பமும் வரிசையாக நின்று வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும். படத்தின் பின்னால் ஊதா மையில் அவர் பெயர் போட்ட ரப்பர் ஸ்டாம்பு இருக்கும். ஆனால் இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்து போனவர்களின் படங்களில் கடலே இருக்காது. கோயில் மதிலோ தனுஷ்கோடியின் இடிந்த சர்ச்சோ இருக்கும், கடல் இருக்காது. தண்ணீர்ப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் அந்த மனிதர் கேமராவைத் தூக்குவார். தீவுக்குள் உட்கார்ந்துகொண்டு கடலில்லாமல் படம் எடுக்கிற ஒரே ஆள் என்று மற்ற போட்டோகிராபர்கள் அவரை ஓட்டித் தள்ளுவார்கள். வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று அவர் சமாளிப்பார். கூசியது கண் அல்ல என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பூமிநாதனுக்குப் பிறந்த ஊர் உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மிளகாய் விவசாயம். செடிகளுக்கு நடுவே குனிந்து நிமிர்ந்தே ஆயுள் தீர்ந்துவிடும் என்று பயந்து, எழுபத்து நாலில், பத்தொன்பதாவது வயதில், அக்காள் புருஷன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த ஆக்ஃபா பெட்டிக் கேமராவோடு ராமேஸ்வரத்துக்கு ரயிலேறினார். "ஏலே, படம் புடிச்சா வயிறு ரொம்புமாலே?" என்று அவருடைய அய்யா கேட்டார். ரொம்பத்தான் செய்தது. இரண்டு மூன்று வருடத்தில் மேற்கு ரத வீதியில் ஒரு சின்னக் கடையும், யாஷிகா கேமரா ஒன்றும் வாங்கிவிட்டார்.

அந்த யாஷிகாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மேலே ஒரு கண், கீழே ஒரு கண். மேல் கண்ணால் நாம் பார்ப்போம், கீழ்க் கண் படம் எடுக்கும். ஒரு படம் எடுத்தவுடன் பக்கத்திலிருக்கும் திருகைக் கையால் சுற்றிப் பிலிமை நகர்த்த வேண்டும். மறந்துபோனாலும் கேமரா ஒன்றும் சொல்லாது. எடுத்த படத்தின் மேலேயே அடுத்த படத்தையும் எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும்.

அக்னி தீர்த்தக் கரையில் போட்டோகிராபர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தர்ப்பணம் கொடுக்கிறவரைப் படம் எடுக்கக்கூடாது. எள்ளும் தண்ணீரும் விட்டு, செத்தவர்களை அவர் பேர் சொல்லிக் கூப்பிடும் நேரம் அது. கூப்பிட்டவர்கள் வந்த இடத்தில் வேறு எதிலாவது ஒட்டிக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்குப் பூமிநாதனே இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். சொல்கிறவனுக்கு ஆசை வராது என்று யார் சொன்னது? எழுபத்தொன்பது தை அமாவாசையன்று, கூட்டத்தை விட்டு விலகி, தண்ணீருக்குள் வெகுதூரம் போய் ஓர் ஆள் தனியே நின்றிருந்தார். இடுப்பில் வெள்ளை வேட்டி மட்டும். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தண்ணீர் வார்த்தார். வெயில் அந்தத் தண்ணீரில் பட்டுத் தெறித்தது. பூமிநாதனின் விரல் தானாக அழுத்திவிட்டது. "எவன்டா அங்க படம் எடுக்கிறவன்?" என்று கரையிலிருந்து ஒரு புரோகிதர் போட்ட சத்தத்தில் கேமராவைப் பைக்குள் திணித்துக்கொண்டு கூட்டத்துக்குள் நழுவினார். பிலிமைச் சுற்ற மறந்தார்.

அன்று மதியமே மீன் லாரியில் தொற்றிக்கொண்டு தனுஷ்கோடி போய், அங்கிருந்து நடந்து, நிலம் முடிகிற அரிச்சல்முனைக்குப் போனார். ராமநாதபுரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ராமசுப்பிரமணியன் படக் கார்டு போடுவதற்குக் கடற்கரைப் படங்கள் கேட்டிருந்தார். பிலிமைக் கழுவியவரும் அவர்தான். கழுவி முடித்து, "இதென்னய்யா, கடலுக்கு நடுவுல ஒரு ஆளை நட்டு வச்சிருக்கே?" என்று சிரித்தார். காலையில் எடுத்த கடலும் மதியம் எடுத்த கடலும் ஒன்றாகக் கலந்து, அரிச்சல்முனைக்கு அப்பால், ஒருவரும் நிற்க முடியாத இடத்தில், கைகளை உயர்த்திக்கொண்டு ஓர் ஆள் நின்றிருந்தார். நெகட்டிவில் ஓர் எள்ளின் நீளம்தான் இருப்பார். படம் என்னவோ அழகாக வந்துவிட்டது. பெரிதாகப் பிரிண்டு போட்டுக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிவைத்தார் பூமிநாதன்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆபில் காபில் தர்காவுக்கு வந்த புதுமடம் என்ற ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அந்த வழியாகப் போனார்கள். அலியார் என்று ஒருவர், அவருடைய தங்கை மஜீதா. மஜீதாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவளுடைய கணவன் பாக்கர் எழுபத்தெட்டு நவம்பர் புயலில் கடலில் இருந்தவன். படகின் பலகைகள் கரை ஒதுங்கின, கூடப் போனவர்களின் மையத்துகள் ஒதுங்கின, பாக்கர் ஒதுங்கவில்லை. அவன் செத்தான் என்று வைத்துக்கொண்டு அவளைக் கணவனை இழந்தவள் துக்கம் காக்கும் இத்தா உட்காரச் சொல்வதா, இருக்கிறான் என்று வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்வதா என்று வீட்டில் மூன்று மாதமாகப் பேச்சு. இத்தா முடிந்தால் மறு நிக்காஹ் செய்துவைக்க அலியார் ஒரு மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்தார்.

கண்ணாடிக்கு முன்னால் மஜீதா நின்றுவிட்டாள். நகரவே இல்லை. பிறகு, "இது எம் புருசன்" என்றாள்.

அலியார் படத்தையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, இது எங்கன எடுத்தது?"

"அரிச்சல்முனையில."

"எப்ப?"

"போன மாசம்."

இரண்டு பதிலும் உண்மை. பூமிநாதன் பிற்காலத்தில் தன்னைத் தேற்றிக்கொள்ள இதைத்தான் பிடித்துக்கொண்டார், ஒரு வார்த்தை கூடப் பொய் சொல்லவில்லையே என்று. பிலிமைச் சுற்ற மறந்ததைச் சொல்வதற்கு வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. படத்தைக் கழற்றி அவளிடமே கொடுத்தார். அவள் அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள். இத்தா இல்லை, நிக்காஹ் இல்லை. உயிரோடிருக்கும் கணவனுக்குக் காத்திருக்கும் மனைவியாக, ஓலைப்பாயும் பெட்டியும் முடைந்துகொண்டு புதுமடத்தில் இருந்துவிட்டாள்.

வருடத்துக்கு ஒருமுறை தர்காவுக்கு வரும்போது கடைக்கு முன்னால் நிற்பாள். "அண்ணே, அங்கிட்டுப் போனீகளா? திரும்ப எடுத்தீகளா?" என்பாள். இவர் மேஜை மேல் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொள்வார். ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஒரு திருகைச் சுற்றாமல் பாழாக்கிவிட்டோமே என்று ராத்திரியெல்லாம் புரண்டார். நேரே சொல்லிவிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. துணிச்சல்தான் இல்லை. கடைசியில் ஒரு யோசனை வந்தது. அதே இடத்தில் நின்று, ஆளில்லாத கடலைப் படம் எடுத்துக் காட்டிவிட்டால் அவளே புரிந்துகொள்வாள். தான் வாயைத் திறக்க வேண்டியதில்லை.

எண்பத்திரண்டில் பென்டாக்ஸ் கேமரா ஒன்று வாங்கினார். தூரத்தை இழுத்துக் காட்டும் இருநூறு மில்லிமீட்டர் லென்ஸை ராமசுப்பிரமணியனிடம் இரவல் வாங்கிக்கொண்டு அரிச்சல்முனைக்குப் போனார். உச்சி வெயில். கடல் வெறிச்சென்று கிடந்தது. வெறுங்கண்ணுக்கும் லென்ஸுக்கும் ஒரு மண்ணும் தெரியவில்லை. நிம்மதியாக ஆறு படம் எடுத்தார்.

ஆறிலும் அந்த ஆள் இருந்தார். இரண்டு கைகளும் மேலே. எள்ளின் நீளம்.

இந்த முறை மறதி என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. பென்டாக்ஸில் பிலிமைத் தள்ளாமல் அடுத்த படத்தை எடுக்கவே முடியாது, பட்டன் அழுந்தாது. பூமிநாதன் நெகட்டிவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மஜீதா கேட்டபோது, "பிலிம் கெட்டுப்போச்சு தங்கச்சி" என்றார். முதல் பொய் அதுதான்.

அதற்குப் பிறகு சுற்றுலாக்காரர்களோடு வேனில் இந்தக் கரை முழுக்க அலைந்தார். தேவிபட்டினம், சேதுக்கரை, ஏர்வாடி, மண்டபம். கடற்படை முகாம் இருக்கும் உச்சிப்புளிப் பக்கம் மட்டும் கேமரா பைக்குள் போய்விடும், அவர்களிடம் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? மற்ற இடங்களிலெல்லாம் கடல் கடலாகவே விழுந்தது. எண்பத்தேழில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மறுபடி முனைக்குப் போனார். இந்த முறை கையிலிருந்தது நூற்று முப்பத்தைந்து லென்ஸ். படம் வந்ததும் ஓர் எள்ளை எடுத்து நெகட்டிவின் மேல் வைத்துப் பார்த்தார். கை உயர்த்திய அதே ஆளைச் சரியாக மூடியது. ராமசுப்பிரமணியனிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"இலங்கைப் பக்கத்துப் படகுக்காரன் எவனாவது மணல் திட்டுல எறக்கிவிட்ட அகதியா இருக்கும்" என்றார் ராமசுப்பிரமணியன். "அப்படித்தானே கொண்டாந்து தள்ளுறாங்ய."

"அகதின்னா கண்ணுக்குத் தெரியணும்ல சார்." பூமிநாதன் பழைய நெகட்டிவையும் பக்கத்தில் வைத்தார். "அது இருநூறுல எடுத்தது. இது நூத்தி முப்பத்தஞ்சு. லென்ஸ் சின்னதானா ஆளும் சின்னதாத்தானே விழணும்?"

"ஆமா."

"விழலைன்னா?"

ராமசுப்பிரமணியன் இரண்டு நெகட்டிவையும் விளக்கில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "விழலைன்னா ஆளு கிட்ட வந்திருக்கான்னு அர்த்தம்" என்றார். சொன்னவர் அதோடு நெகட்டிவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கணக்கு சுலபமானதுதான், எள் இரண்டரை மில்லிமீட்டர், ஆள் நூற்றெழுபது சென்டிமீட்டர் என்று வைத்தால் பள்ளிக்கூடத்துப் பையன் போட்டுவிடுவான். எண்பத்திரண்டில் அந்த ஆள் கேமராவுக்கு நூற்று முப்பத்தாறு மீட்டர் தள்ளி நின்றிருக்கிறார். எண்பத்தேழில் தொண்ணூற்றிரண்டு. தொண்ணூற்று மூன்றில் சாதாரண ஐம்பது லென்ஸைப் போட்டு எடுத்தபோது அதே எள், அப்படியென்றால் முப்பத்து நான்கு மீட்டர். இரண்டாயிரத்தில் இருபத்தெட்டு லென்ஸ். மலையையும் குன்றாக்கிவிடும் அகல லென்ஸ் அது, மனிதனெல்லாம் அதில் புள்ளி. அதிலும் அதே எள். பத்தொன்பது மீட்டர். ஒரு பஸ்ஸையும் ஒரு லாரியையும் முன்னும் பின்னுமாக நிறுத்தினால் முடிந்தது. வெறுங்கண்ணுக்கு அங்கே அலைதான் இருந்தது. ஆனால் அந்த நாலாவது படத்தில் கைகள் இறங்கியிருந்தன. தண்ணீர் வார்த்து முடித்துவிட்டார் போலிருக்கிறது.

எனக்கே எழுதும்போது முதுகு சில்லிடுகிறது. பூமிநாதனைக் கேட்க வேண்டுமா? அன்றோடு கடல் பக்கம் கேமராவைத் திருப்புவதை விட்டார். இத்தனைக்கும் அவரை அரித்தது பயம் மட்டுமல்ல. தன் பொய்யை நம்பி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பொய்யோ நடந்து வந்துகொண்டிருக்கிறது. எதை அவளிடம் சொல்வது? எதைச் சொன்னாலும் அவளுக்கு முப்பது வயதும் நாற்பது வயதும் திரும்பி வரப்போவதில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது மாசியில் மஜீதா கடைக்கு வந்தாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, மூக்குக் கண்ணாடி போட்டிருந்தாள். "எங்க காக்கா, அதான் எங்க அண்ணன், மௌத்தாயிட்டாரு. நாப்பது நாளாச்சு. அரிச்சல்முனைக்கு ஒருக்கா என்னைக் கூட்டிட்டுப் போங்கண்ணே. எம் புருசன் போன தண்ணியைப் பாத்து அவருக்காக ஒரு பாத்திஹா ஓதணும்" என்றாள்.

இனியும் தள்ளிப்போடுவது மனிதத்தனம் இல்லை என்று பூமிநாதனுக்குப் பட்டது. அலமாரிக்கு அடியிலிருந்து நான்கு படங்களையும் எடுத்து ஒரு கவரில் போட்டுக்கொண்டார். டிஜிட்டல் கேமராவையும், இருப்பதிலேயே அகலமான லென்ஸையும் எடுத்துக்கொண்டார். சுற்றுலா வேனில் இருவரும் மணலில் குலுங்கிக்கொண்டு போனார்கள். பிற்பகல் மூன்று மணி. மற்ற பயணிகள் சங்கு பொறுக்கப் போய்விட்டார்கள். மஜீதா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்து ஓதினாள்.

அவளுக்குப் பின்னால் நின்று, ஒன்பது வருடத்துக்குப் பிறகு, பூமிநாதன் கேமராவைக் கடல் பக்கம் திருப்பினார். மூன்று படம் எடுத்தார். கேமராவின் முதுகிலிருந்த சின்னத் திரையில் பெரிதாக்கி, மூலைக்கு மூலை தேடினார். யாரும் இல்லை. தண்ணீர், வானம், அவ்வளவுதான். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பது வருடமாக ஏங்கிய வெறும் கடல் கையில் கிடைத்துவிட்டது.

அந்த தைரியத்தில் எல்லாவற்றையும் கொட்டினார். தர்ப்பணம் கொடுத்தவரைத் திருட்டுத்தனமாக எடுத்தது, பிலிமைச் சுற்ற மறந்தது, அவள் முகத்தைப் பார்த்து வாயடைத்துப்போனது. "உங்க வாழ்க்கையை நான் கெடுத்துட்டேன் தங்கச்சி. அது பாக்கர் பாய் இல்ல."

மஜீதா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்ணே" என்றாள்.

பூமிநாதனுக்குப் புரியவில்லை.

"எம் புருசனுக்கு வலக்கை தோளுக்கு மேல போகாது. பாய்மரக் கட்டை விழுந்து ஒடைஞ்ச கை. படத்துல நிக்கிறவரு ரெண்டு கையையும் தூக்கிட்டுல்ல நின்னாரு. காக்கா பாத்து வச்ச மாப்பிள்ளை முகத்தைப் பாத்தாலே எனக்குக் குலை நடுங்கும். எங்க வீட்டுல எம் பேச்சு எடுபடாது. உங்க படம் எடுபடும்னு தோணுச்சு. சொல்லிட்டேன்." "எம் புருசன் போயிட்டாருன்னு அந்தப் புயல் அன்னைக்கே எனக்குத் தெரியும். நான்தான் உங்கள இத்தனை வருசம் குத்தவாளி ஆக்கிட்டேன். நீங்க நம்பணும், காக்காகிட்ட மாத்திச் சொல்லிறக் கூடாதுன்னுதான் வருசா வருசம் வந்து கேட்டேன். மன்னிச்சிருங்க."

சுமந்த பாரம் முழுக்க ஒன்றுமில்லாததற்காகவா என்று பூமிநாதனுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. நெஞ்சு லேசாகிச் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்போடு, இதையும் பாருங்கள் என்று கவரை நீட்டினார்.

மஜீதா படங்களை மடியில் பரப்பினாள். வருடத்தையும் லென்ஸையும் அவர் சொல்லச் சொல்லக் கேட்டாள். பாய் முடைகிறவளுக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "தள்ளித் தள்ளிக் காட்டுற கண்ணாடியிலயும் இவரு சிறுக்கல" என்றாள். "வந்துக்கிட்டே இருந்திருக்காரு. இதுக்கு அடுத்த படம்?"

"இப்ப எடுத்தேனே, அதுதான்." அவர் கேமராவைக் காட்டினார். "யாருமில்ல பாருங்க."

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்க்காமல், மெல்லத் திரும்பி, தங்களுக்குப் பின்னாலிருந்த கரையைப் பார்த்தாள். மணல், நாணல், தூரத்தில் வேன்.

"பத்தொன்பது மீட்டர்ல இருந்தவரு திரும்பிப் போயிருந்தா, தூரத்துல புள்ளியாவாச்சும் தெரியணும்ல. போகலண்ணே. கரை ஏறிட்டாரு."

காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பூமிநாதனுக்கு வியர்த்தது.

"ரெண்டு பேருமா சேந்து இவரைக் கூப்புட்டுட்டோம்" என்றாள் மஜீதா. குரல் இப்போதுதான் நடுங்கியது. "தண்ணிக்குள்ள நிக்க வச்சது நீங்க. எம் புருசன்னு சொன்னது நான். வந்தவரு இப்ப யாரு வீட்டைத் தேடிப் போவாரு? நான் ஒத்தையில இருக்கவ அண்ணே."

எழுபத்தொன்பதில் பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்ட மனிதர், இந்தக் கேள்விக்கு யோசிக்கவே இல்லை. கேமராவைக் கழற்றி மணலில் வைத்தார். சங்கு பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததையும் பொருட்படுத்தாமல், ஆளில்லாத கரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஐயா, இந்தம்மாவுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. உங்கள எடுத்தவன் நான். பேரு பூமிநாதன். மேற்கு ரத வீதி, மருந்துக் கடைக்கு அடுத்த வீடு, பச்சைக் கதவு. அங்கன வாங்க."

ஊருக்குப் புதிய ஆளாயிற்றே, தடுமாறிப் புதுமடம் பக்கம் போய்விடக் கூடாது என்று விலாசத்தை இன்னொரு முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.